சங்குச் சத்தத்தின் மேல் என் குரல்

பயிற்சிப் பிரிவில் இப்போது இருக்கும் நித்யா போன வாரம் போன் செய்தார். கம்பெனியின் பயிற்சிப் படங்கள் எல்லாவற்றின் கீழேயும் ‘விவரிப்போடு கேட்க’ என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதை முதலில் வைத்தது யார், எதற்காக என்று ஒரு பக்கத்துக்கு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். புதிதாகச் சேர்ந்தவர்கள் விசாரிக்கிறார்களாம். வைத்தவன் நான்தான். எதற்காக என்று உள்ளபடி எழுதினால் என் மானம் கொஞ்சம் போகும். ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆன ஆளுக்கு அந்த மானத்தை வைத்துக்கொண்டு என்ன ஆகப் போகிறது? ஆனால் ஒரு பக்கத்தில் அடங்காது. சுருக்கமாகப் பேசுவது எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

எனக்குச் சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஆறு வருடம் பட்டறைக்குள் ஸ்பேனர் பிடித்தேன். ஊர்த் திருவிழாவில் மைக் பிடித்துப் பழகிய குரல் என்னுடையது. ஆயுத பூஜை அன்று நான் அறிவிப்புச் செய்ததைக் கேட்டுவிட்டு, பயிற்சிப் பிரிவுக்கு என்னை இழுத்துக்கொண்டார்கள். முதலில் ஸ்லைடு, பிறகு வீடியோ கேசட், பிறகு சிடி. எது வந்தாலும் திரைக்குப் பக்கத்தில் நின்று பேசுவது இந்த ஏகாம்பரம்தான். என் குரல் மேல் எனக்கு அசாத்தியப் பிரியம் இருந்தது. ஷிப்டுக்கு வந்த ஆட்கள் தூங்கி வழிந்தாலும் நான் நிறுத்த மாட்டேன்.

பாதுகாப்புக்கும் பயிற்சிக்கும் மேலாளராக இருந்தவர் வரதராஜுலு சார். ஆரம்பாக்கத்துக்காரர், பாதி தெலுங்கு. அவர் ஒரு பயிற்சிப் படத்தைக்கூடப் பார்த்து நான் கண்டதில்லை. திரைக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பார்க்கிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். யாருக்கு எங்கே புரியவில்லை என்பது அவருக்கு முகத்தில் தெரிந்துவிடும். ஒரு செயல்முறையை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால் உடனே கையெழுத்துப் போட மாட்டார். தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கே போவார். முதல் வரியில் எழுதியதைச் செய்து பார்ப்பார், வரியின் ஓரத்தில் ஒரு டிக் போடுவார், அடுத்த வரிக்குப் போவார். ஒரு முறை ‘வால்வை இடப்புறம் திருப்பவும்’ என்று எழுதியிருந்தேன். திருப்பினால் கை குழாயில் இடித்தது. தாளை என்னிடமே நீட்டினார். “நடந்து பாத்தியா நைனா?” என்பதுதான் அவர் எங்களை அதிகம் கேட்ட கேள்வி.

இனி எஸ்தரம்மா. எங்கள் வரவேற்பறையில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. கவரைப்பேட்டைப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட அப்பா அம்மாவுக்குப் பிறந்து, பார்வையற்றோர் பள்ளியில் படித்து, ஆபரேட்டர் பயிற்சி முடித்து, தினமும் ரயிலில் வந்து போனவர். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவர்தான். அதில் அவருக்கு நிறையவே பெருமை உண்டு. பொய் சொல்ல வராது. நான் இல்லை என்று சொல்லிவிடுங்கள் என ஒரு மேலாளர் சொன்னால், “சார் இல்லன்னு சொல்லச் சொல்றார்” என்று அப்படியே போனில் சொல்லிவிடுவார். இதனால் வந்த சண்டைகளை எழுதினால் அது தனிக் கட்டுரை.

எஸ்தரம்மாவின் கம்ப்யூட்டரில் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் இருந்தது. திரையில் இருக்கும் எழுத்தையெல்லாம் குரலில் படித்துக் காட்டும். ஓடும் படத்துக்குள் வரும் எழுத்து மட்டும் அதற்குத் தெரியாது. மவுஸ் கிடையாது, விசைப்பலகையாலேயே எல்லாம் நடக்கும். அது படிக்கும் வேகத்தில் நமக்குத் தலை சுற்றும், அவருக்கு அதுவே மெதுவாகத் தெரியும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் வகுப்புகளை நிறுத்திவிட்டு, பாதுகாப்புப் பயிற்சியை ஒரு இணையப் பக்கமாக்கினார்கள். பன்னிரண்டு நிமிடப் படம், அதன் கீழே பத்துக் கேள்வி. ஏழு மதிப்பெண் வாங்கினால் பாஸ். பாஸாகாதவரின் அட்டைக்கு கேட் திறக்காது. அதே சமயத்தில் எங்களிடம் உதிரிபாகங்களைக் கெட்டிப்படுத்தும் புதுப் பிரிவு ஒன்று தொடங்கியது. அங்கே அம்மோனியா வாயு உண்டு. அதனால் தீ விபத்துக்கு ஒரு சங்கு, வாயுக் கசிவுக்கு வேறு சங்கு என்று பிரித்தார்கள். தீ என்றால் நீளமாக ஒரே மூச்சில் ஊதும். வாயு என்றால் விட்டு விட்டு ஊதும். இரண்டுக்கும் செய்ய வேண்டியவை வேறு. இந்த வித்தியாசம் அந்தப் படத்தில் மட்டும்தான் இருந்தது.

அந்தப் படத்தில் ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. எங்கள் ஆட்களில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் உண்டு. எந்த மொழியில் பேசினாலும் மற்றவருக்குப் புரியாது என்று, பேச்சையே எடுத்துவிட்டு இசை, படம், அம்புக்குறி, நாலு மொழியில் எழுத்து என்று செய்திருந்தார்கள். எல்லோருக்கும் புரியட்டும் என்ற நல்ல எண்ணம்தான். என் குரலுக்கு வேலை போயிற்றே என்று நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். எஸ்தரம்மாவை யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அவர் அந்தப் பக்கத்தைத் திறந்ததுமே படம் தானாக ஓட ஆரம்பித்தது. இசையின் இரைச்சலில் ஸ்கிரீன் ரீடரின் குரல் அமுங்கிவிட்டது. நிறுத்தலாம் என்றால் எந்தப் பட்டன் எது என்று எழுதி வைக்கவில்லை. “பட்டன், பட்டன், பட்டன்” என்று மட்டும் அது படித்தது. அடுத்த பட்டனுக்குத் தாவும் டேப் விசையைத் தட்டித் தட்டி எப்படியோ படத்துக்குள் போனவரால் வெளியே வர முடியவில்லை, அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் எனக்குப் போன் போட்டார்.

போனேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மவுஸைப் பிடித்து, படத்தைக் கடைசிவரை தள்ளிவிட்டு, பத்துக் கேள்விக்கும் நானே பதிலை அமுக்கினேன். பத்துக்குப் பத்து. அதில் என்ன சார் சொல்கிறார்கள் என்று கேட்டார். நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. “ஒண்ணுமில்ல எஸ்தரம்மா. ஹெல்மெட் போடு, பீடி புடிக்காத, அவ்ளோதான். உங்களுக்குத் தெரியாததா?” அடுத்த வருடமும் அப்படியே. பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்போடு அவர் கொடுத்த முறுக்கைத் தின்றுவிட்டு வந்தேன்.

இரண்டாம் வருடம் பாஸ் போட்டுக் கொடுத்துச் சில வாரம்தான் ஆகியிருந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் ஒத்திகை வைத்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரியும் வந்திருந்தார். சங்கு விட்டு விட்டு ஊதியது, அதாவது வாயு. எல்லோரும் மைதானத்தில் கூடினோம். வரதராஜுலு சார் தாளை வைத்துக்கொண்டு தலைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. மறுபடியும் எண்ணினார். அப்புறம் தாளை என் கையில் கொடுத்துவிட்டு வரவேற்பறைப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

எஸ்தரம்மா தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பிரிவாகப் போன் போட்டு, “எல்லாரும் வெளிய பூட்டீங்களா?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார். தீ விபத்து என்றால் ஆபரேட்டரின் வேலை அதுதான். கடைசி ஆள் வெளியேறும்வரை போனை விட்டு எழுந்திருக்கக் கூடாது. வாயு என்றால் முதல் ஊதலிலேயே எழுந்து போய்விட வேண்டும். அவருக்குத் தெரிந்தது ஒரே சங்குதான். எல்லோரையும் அனுப்பிவிட்டு, தான் மட்டும் உட்கார்ந்திருந்தார். நிஜமாக வாயு கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இரண்டு நாளில் அதிகாரியின் அறிக்கை வந்தது. பயிற்சியில் முழு மதிப்பெண் பெற்ற ஊழியர் நடைமுறையில் தவறியிருக்கிறார், எனவே குறை பயிற்சியில் இல்லை, பார்வையின்மையே காரணம், அவருடைய பாதுகாப்பைக் கருதி அவரைப் பணியிலிருந்து விடுவித்து, போனுக்குத் தானியங்கிக் கருவி வைக்கலாம் என்று எழுதியிருந்தார். நான் போட்ட பத்து மதிப்பெண்தான் எஸ்தரம்மாவுக்கு எதிரான சாட்சி. விசாரணைக்குக் கூப்பிட்டு, படத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். “பாஸ் ஆயிருக்கு சார்” என்று மட்டும் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத பெண் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டு அந்த வார்த்தையைத் தேடியிருப்பார்? நான் அதே அறையில்தான் நின்றிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் என் குரல் எனக்குப் பயன்படாமல் போன நேரம் அது.

வெளியே வந்ததும் அவர் என்னிடம் கோபப்படவில்லை. “இன்னும் ஆறு வருசம் சர்வீஸ் இருக்குது சார். ஊட்ல ஒக்காந்துக்கினு இன்னா பண்ணுவேன்? ரயில் போற சத்தத்த எண்ணிக்கினு கெடக்கணும்” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை வரதராஜுலு சாரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

“அந்தம்மாவுக்கு ஒதவி பண்ணேன்னு நெனச்சியா நைனா?”

ஆமாம் சார் என்றேன்.

“நாலு வரி படிச்சுக் காட்டியிருந்தா அது ஒதவி. நீ பேஜாரு இல்லாம முடிச்சுக்கினே. அது ஒனக்கு நீ பண்ணிக்கினது.”

நான் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் என்னையே எழுதச் சொல்லி, கையெழுத்து வாங்கித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. முப்பத்துச் சொச்சம் வருட சர்வீஸில் அது ஒன்றுதான், வந்ததற்கு நான் வருத்தப்படவில்லை. எஸ்தரம்மா விஷயத்தில் ஒரு மாத அவகாசம் கிடைத்தது. அதற்குள் அவர் யாருடைய துணையும் இல்லாமல், தானாகவே அந்தப் பக்கத்தைத் திறந்து, அதிகாரியின் முன்னால் பாஸாக வேண்டும். இல்லையென்றால் அறிக்கை அப்படியே நிற்கும்.

பக்கத்தைச் செய்து கொடுத்த சென்னை நிறுவனத்துப் பெண்ணிடம் பேசி, முதலில் பட்டன்களுக்குப் பெயர் வைத்தோம். ஓட்டு, நிறுத்து, பின்னால் போ. படம் தானாக ஓடாமல், அமுக்கினால்தான் ஓடும்படி மாற்றினோம். டேப் விசை படத்துக்குள் போனால் வெளியே வர வழி செய்தோம். கேள்விகளில் இருந்த படங்களுக்கெல்லாம் கீழே விவரம் எழுதினோம். இதெல்லாம் நாலு நாள் வேலை. பிறகு படத்தில் இருப்பதைச் சொல்லும் குரல். அதற்கு நான் இருக்கிறேனே.

பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு விநாடி விடாமல் பேசிப் பதிவு செய்தேன். நீலத் தொப்பி போட்ட தொழிலாளி புன்னகைக்கிறார், பின்னணியில் மரங்கள் அசைகின்றன, ஆரஞ்சு நிறக் காற்றுப் பை அழகாகப் பறக்கிறது. என் வாழ்நாளின் சிறந்த பதிவு என்று நினைத்தேன். எஸ்தரம்மா முழுக்கக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

“நல்லாருக்குது சார். ஆனா சங்கு ஊதற எடத்துல நீங்க பேசிக்கினு இருக்கீங்க. உங்க குரல தெனம் கேக்கறேன். சங்க கேக்க வுடுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. போட்டுக் கேட்டால், அவர் தெரிந்துகொள்ள வேண்டிய அந்த ஒரே சத்தத்தின் மேல் நான் மரம் அசைவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். தொப்பி, புன்னகை, மரம் எல்லாவற்றையும் வெட்டினேன். தீச் சங்கு, வாயுச் சங்கு இரண்டும் முழுதாக ஊதி முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்று அந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

அடுத்த சிக்கல், காற்று வீசும் திசையைக் காட்டும் அந்தக் காற்றுப் பை. வாயு கசிந்தால் காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து மைதானத்துக்குப் போக வேண்டும். எங்களுக்குக் கிழக்கே ஒரு மைதானம், மேற்கே ஒரு மைதானம். கண் தெரிந்தவர்கள் கம்பத்தில் பறக்கும் பையைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். படத்தில் அது வலப்புறம் பறந்தது, எனவே ‘பை வலப்புறம் பறக்கிறது, நீங்கள் இடப்புறம் போங்கள்’ என்று எழுதினேன். வரதராஜுலு சார் வழக்கம்போலத் தாளோடு கிளம்பினார். வரவேற்பறைப் படியில் நின்று இடப்புறம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். கேமராவைச் சாலைப் பக்கமிருந்து வைத்து எடுத்திருக்கிறார்கள். படத்தின் இடது, படியில் நிற்கிறவருக்கு வலது. நான் எழுதியதை நம்பி நடந்தால் வாயுவின் வழியிலேயே போக வேண்டியதுதான். என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்னால் நானே, நடந்து பார்க்கவில்லை சார் என்றேன்.

அன்று மத்தியானம் எஸ்தரம்மாவைப் படிக்கு அழைத்து வந்தோம். கடல் காற்று வரும் நேரம். பையைப் பற்றி எப்படிச் சொல்வது என்று நாங்கள் இருவரும் வாதாடிக்கொண்டிருந்தோம். அவர் முகத்தைத் தூக்கிச் சும்மா நின்றார்.

“பையி எனக்கு எதுக்கு சார்? எடது கன்னத்துல காத்து படுது. எடது பக்கம் போறேன். வலது கன்னத்துல பட்டா வலது பக்கம். அவ்ளோதான?”

வரதராஜுலு சார் படியில் நின்று தன் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து டிக் போட்டார். அதற்கப்புறம் எஸ்தரம்மா சுவரைத் தொட்டுக்கொண்டு கிழக்கு மைதானம்வரை நடந்தார். நான் பின்னாலேயே போய், எத்தனை அடியில் சிமெண்டுத் தரை முடிந்து ஜல்லி தொடங்குகிறது என்று எழுதிக்கொண்டேன். மேற்குக்கும் அப்படியே. கூட வேண்டிய இடம், பச்சைப் பலகை இருக்கும் இடம் என்று நான் எழுதியிருந்த வரி, காலுக்குக் கீழே ஜல்லி வரும் இடம் என்று மாறியது. பதிவுக்கு மறுபடி உட்கார்ந்தபோது பன்னிரண்டு நிமிடத்தில் என் குரல் நாலு நிமிடம்கூட இல்லை. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. அந்தப் பதிவைத்தான் படத்தின் கீழே ‘விவரிப்போடு கேட்க’ என்ற பட்டனாக வைத்தேன்.

மூன்று மாதம் கழித்து வைத்த ஒத்திகையில் எஸ்தரம்மா தானாகவே மைதானத்துக்கு வந்து நின்றார். பலருக்கு முன்னால் வந்தார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மறக்காத நாள் அதுவல்ல, அதற்கு முன்னால் வந்த பரீட்சை நாள்.

அதிகாரி வந்து எஸ்தரம்மாவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வரதராஜுலு சார் எப்போதும்போலத் திரைக்கு முதுகைக் காட்டி, எஸ்தரம்மாவின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். என்னைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டார்கள். படம் ஓடியது. சங்கு வந்த இடத்தில் எஸ்தரம்மா நிறுத்தி, பின்னால் போய், இன்னொரு முறை கேட்டார். பிறகு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஸ்கிரீன் ரீடர் கடகடவென்று படிப்பதும், கொஞ்சம் மௌனமும், ஒரு விசைத் தட்டலும் எனக்குக் கேட்டது. கடைசியில் அது மதிப்பெண்ணைப் படித்தது. பத்துக்கு எட்டு.

அதிகாரி நல்ல மனிதர்தான். அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு முறை எழுதினால் பத்தும் வாங்கிவிடலாம், எழுதுகிறீர்களா என்றும் கேட்டார். எஸ்தரம்மா வேண்டாம் என்றார். அதிகாரியும் வரதராஜுலு சாரும் டீ குடிக்கப் போன பிறகு நான் உள்ளே வந்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரோ சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“அந்த ரெண்டு தப்பு எது சார்? படிச்சுக் காட்டுங்க.”

பாஸ் ஆகிவிட்டதே, இப்போது எதற்கு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே என்றேன்.

“ரெண்டு வருசமா எனக்குத் தப்பே வரல சார். இன்னா தெரியாதுன்னு தெரியாமலே ஒக்காந்துக்கினு இருந்துட்டேன். படிங்க.”

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரை தப்பென்று காட்டிய நான்காவது கேள்வியை நிதானமாகப் படித்தேன்.